என் வீட்டுக் கண்டக்டருக்கு நெபுலைசர் கற்றுக்கொடுத்தவள்

என் கணவருக்கு நெபுலைசர் வைக்கக் கற்றுக்கொடுத்தது நான் அல்ல. இதைச் சொல்லிவிட்டுத் தொடங்குவதுதான் எனக்கு மரியாதை. ஏனென்றால், இந்தப் பக்கத்தில் மூச்சிரைத்து வந்தவர்கள் பலருக்கு அந்த மாஸ்க்கை முகத்தில் மாட்டியவள் ராஜம்மா சிஸ்டர்தான் என்று உங்களிடம் யாராவது சொல்லியிருப்பார்கள். அந்த ராஜம்மா நான்தான். மொரப்பூர்ப் பக்கம் வேலைக்குச் சேர்ந்து பென்னாகரம் பக்கம் ஓய்வு பெறும்வரை அரசு ஆஸ்பத்திரி வார்டுகளிலேயே என் காலம் போயிற்று. குழந்தை, கிழவர், பிள்ளைத்தாச்சி என்று எல்லோருக்கும் வைத்திருக்கிறேன். என் வீட்டுக்காரருக்கு வேறு ஒருத்தி வந்து சொல்லிக்கொடுத்தாள்.

புதிதாக நர்ஸ் வேலைக்குச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு என் அனுபவத்தில் ஏதாவது எழுதித் தரும்படி கேட்டார்கள். எந்த மருந்து எவ்வளவு, எதை எப்படிக் கழுவ வேண்டும் என்பதெல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அதனால் பாடத்தில் வராத ஒன்றைப் பற்றி எழுதுகிறேன். பொறாமையைப் பற்றி. அது நம் தொழிலில் எல்லா வார்டிலும் உண்டு. ஆனால் எனக்கு அது ஓய்வு பெற்ற பிறகு, என் சொந்த வீட்டுக்குள் வந்தது.

அவர் பெயர் மாதையன். எங்கள் ஊரில் கண்டக்டர் என்று கேட்டால்தான் வீட்டைக் காட்டுவார்கள். தருமபுரிக்கும் ஒகேனக்கல்லுக்கும் ஓடிய தனியார் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். முன் படியில் நின்று ஸ்டாப்பின் பெயரைச் சொன்னால் கடைசி சீட்டில் தூங்குகிறவர் பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிடுவார், அப்படி ஒரு குரல். பஸ் புழுதியும் பீடியும் சேர்ந்து அந்த நெஞ்சைக் கெடுத்தன. முதலில் மாடிப்படி ஏறினால் இரைத்தது. பிறகு பால் வாங்கப் போய் வந்தால் இரைத்தது. ஒரு மழைக்காலத்தில் சட்டையை மாட்டினாலே இரைக்க ஆரம்பித்தது.

ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். நான் கடைசியாக வேலை பார்த்த அதே ஆஸ்பத்திரி. டாக்டர் பரிசோதித்துவிட்டு, காற்றுக் குழாய்கள் சுருங்கிவிட்டன, இது இனிக் கூடவே இருக்கும் நோய், மருந்தைப் புகையாக்கி மூச்சில் இழுக்க வைக்கும் நெபுலைசர் ஒன்றை வீட்டிலேயே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள் என்றார். சொல்லிவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். "உங்களுக்கென்ன கவலை, வீட்டுலயே சிஸ்டர் இருக்காங்க."

என் கணவர் உடனே சொன்னார்: "இல்லீங்க சார். அவங்களுக்கு ஒடம்பு முடியறதில்ல. இங்கயே யாராச்சும் எனக்குச் சொல்லிக் குடுத்துட்டா நானே வெச்சிக்குவேன்."

நான் பக்கத்தில்தான் நிற்கிறேன். என் உடம்புக்கு ஒரு குறையும் இல்லை. அன்று காலையில்தான் இரண்டு குடம் தண்ணீர் தூக்கி வைத்துவிட்டு வந்திருந்தேன்.

டாக்டர் சங்கவியைக் கூப்பிட்டார். ஏரியூர்ப் பக்கத்துப் பெண். ஒப்பந்த வேலையில் சேர்ந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. ஒல்லியான உடம்பு, வேகமான நடை. அவரை "வாங்கப்பா" என்றாள். எங்களுக்கு ஒரே பையன், ஓசூரில் இருக்கிறான். பெண் பிள்ளை இல்லை. அந்த "அப்பா"வைக் கேட்டதும் அவர் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன்.

அவள் நெபுலைசர் பெட்டியைப் பிரிக்காமல் அப்படியே அவர் மடியில் வைத்தாள். "பிரிங்கப்பா" என்றாள். அவர் விரல்கள் தடுமாறின. டியூபை எந்தப் பக்கம் சொருகுவது என்று தெரியாமல் இரண்டு முனையையும் மாறி மாறிப் பார்த்தார். என் கை தானாக நீண்டது. அது எனக்கு இலையில் உப்பு வைக்கிற மாதிரியான வேலை.

"மேடம், நீங்க உக்காருங்க. அப்பாவே பண்ணட்டும்" என்றாள் அவள்.

நான் இன்சார்ஜாக இருந்த வார்டில், நான் வாங்கிப் போட்ட ஸ்டூலைக் காட்டி என்னை உட்காரச் சொல்கிறாள். உட்கார்ந்தேன். அவர் ஒவ்வொன்றாகப் பொருத்தி, மருந்துக் குப்பியின் முனையை முறுக்கித் திறந்து, பாதியைச் சட்டையில் சிந்தி, மீதியைக் கப்பில் ஊற்றுவதற்குள் நான் நான்கு பேருக்கு வைத்து முடித்திருப்பேன். அவள் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். ஒரு தடவைகூடத் தொடவில்லை.

எல்லாம் முடிந்ததும் அவள் ஒரு காரியம் செய்தாள். அவருக்கு எதிரே இன்னொரு ஸ்டூலைப் போட்டுக் கூன் போட்டு உட்கார்ந்தாள். "இப்ப நான்தான் நோயாளி. எனக்கு இரைக்குது. நீங்க எனக்குச் சொல்லிக் குடுங்க."

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். பஸ்ஸில் இருந்த ஆள் திரும்பி வந்துவிட்டார். "நேரா உக்காரும்மா. சாஞ்சா வேலைக்கு ஆவாது. கப்பு நட்டுக்குத்தலா நிக்கணும். வாயில கவ்விக்க. மெதுவா இழு, மெதுவா. என்னா அவசரம், பஸ்ஸு ஒண்ணும் போயிறாது."

வார்டே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒருவருக்குக் கற்றுக்கொடுத்தோமா என்று தெரிய வேண்டுமென்றால் அவரை நமக்குக் கற்றுக்கொடுக்கச் சொல்ல வேண்டும். இதை நான் சர்வீஸில் பாதிக் காலம் தாண்டிய பிறகுதான் கண்டுபிடித்தேன். இந்தப் பெண் தாவணிப் பருவம் தாண்டிய சூட்டிலேயே அதைத் தெரிந்து வைத்திருக்கிறாள். யாரும் சொல்லித் தந்த மாதிரியும் தெரியவில்லை.

அது கூடப் போகட்டும். கிளம்பும்போது அவள் சாதாரணமாக, "இதோட பீடியும் வேணாம்ப்பா" என்றாள். அவர் சட்டைப் பையிலிருந்த பீடிக்கட்டை எடுத்து அங்கிருந்த குப்பைத் தொட்டியில் போட்டார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு தொடவில்லை.

கல்யாணமான நாளிலிருந்து நான் அந்தப் பீடிக்காக அழுதிருக்கிறேன். சண்டை போட்டிருக்கிறேன். பேசாமல் இருந்திருக்கிறேன். நெஞ்சு எக்ஸ்ரே படத்தை ஜன்னலில் வைத்து, "பாருங்க, இப்படித்தான் ஆவும்" என்று காட்டியிருக்கிறேன். ஒன்றும் நடக்கவில்லை. இவள் போகிறபோக்கில் ஒரு வார்த்தை சொன்னாள், பீடி குப்பைக்குப் போனது. நல்லது நடந்திருக்கிறது, நான் சந்தோஷப்பட வேண்டும். பஸ்ஸில் வீடு வரும்வரை என் வயிறு எரிந்துகொண்டே வந்தது.

அதற்குப் பிறகு வீட்டில் ஒரே பாட்டுதான். ஜன்னலோரம் சின்ன மேசை போட்டு, மேலே வெள்ளைத் துண்டு விரித்து, அதில் மெஷினை வைத்தார். எந்த ஜன்னல் என்று நான் சொன்னால் வேண்டாம். "காத்து வர்ற எடமா வைக்கச் சொல்லுச்சு சங்கவி." மருந்து முடிந்ததும் வாய் கொப்பளிக்க வேண்டும் என்று நான் சொன்னால், "தெரியும், அந்தப் பொண்ணு சொல்லியிருக்குது." சாயங்காலம் நடந்துவிட்டு வரலாமா என்றால், "சங்கவியக் கேட்டுட்டு நடக்கறேன்." பார்க்க வருகிற உறவுக்காரர்களிடம், "பொகைய நிறுத்தச் சொல்லிட்டுப் பொகை மெஷினக் கையில குடுத்துருச்சுங்க அந்தப் பொண்ணு" என்று சொல்லிச் சிரிப்பார். அவர்கள் என்னைப் பார்ப்பார்கள். வீட்டில் நர்ஸை வைத்துக்கொண்டு ஊரான் வீட்டுப் பெண்ணைப் புகழ்கிறாரே என்று கண்ணாலேயே கேட்பார்கள்.

மாதாந்திரப் பரிசோதனைக்குப் போகும் நாளில் இஸ்திரி போட்ட சட்டை போடுவார். தலைக்கு எண்ணெய் தடவி வாருவார். என் தங்கச்சி மகள் கல்யாணத்துக்கு வேட்டி மாற்ற மாட்டேன் என்றவர் இவர். தப்பாக நினைக்காதீர்கள், நீங்கள் நினைக்கிற மாதிரிப் பொறாமை இல்லை அது. அவருக்கும் அந்தப் பெண்ணுக்கும் நடுவில் இருந்தது அப்பன் மகள் பாசம்தான். என்னை எரித்தது வேறு. காலமெல்லாம் எத்தனையோ பேர் என் பேச்சைக் கேட்டு எழுந்து நடந்தார்கள். என் பேச்சைக் கேட்காத ஒரே மனிதர் என் வீட்டில் இருந்தார், அவர் வேறொருத்தியின் பேச்சைக் கேட்டார்.

அவள் எதிலாவது தவற மாட்டாளா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் கிடைத்தது. அவர் கப்பைக் கழுவியதும் துண்டால் ஒரு துடை துடைத்து, அப்போதே டியூபில் மாட்டி மூடி வைத்துவிடுகிறார். உள்ளே ஈரம் நின்றால் கிருமி வளரும், அதையே அடுத்த வேளை மூச்சில் இழுப்பார். கழற்றிக் காற்றில் உலர விட வேண்டும்.

"இத யாரு சொல்லிக் குடுத்தது?"

"ஏன், சங்கவிதான்."

அடுத்த பரிசோதனைக்கு நானும் தலைவாரி, நல்ல சேலை கட்டிக்கொண்டு போனேன். இரண்டு நர்ஸுகளும் ஏழெட்டு நோயாளிகளும் இருக்கும்போது, எல்லோர் காதிலும் விழும்படி கேட்டேன். "ஏம்மா சங்கவி, கப்ப ஒணத்தி வைக்கணும்னு நீ சொல்லிக் குடுக்கலயா?"

அவள் ஒரு விநாடி யோசித்தாள். "அய்யோ, இல்லீங்க மேடம். கழுவறதச் சொன்னேன், ஒணத்தறத விட்டுட்டேன். நல்லவேள பாத்தீங்க." அதோடு நிற்கவில்லை. பக்கத்தில் இருந்த நர்ஸைக் கூப்பிட்டு, "அக்கா, நான் இதுவரைக்கும் சொல்லிக் குடுத்தவங்க எல்லாரையும் மறுபடி கேக்கணும்" என்றாள். அன்றே ஒவ்வொருவராகப் போன் போட்டுச் சொல்லத் தொடங்கிவிட்டாள்.

ஜெயித்துவிட்டு வரலாம் என்று போனவள் நான். கூட்டத்துக்கு நடுவில் ஒரு சிறு பெண் முகம் கோணாமல் தவறை ஒப்புக்கொண்டு, எனக்கு நன்றியும் சொல்லிவிட்டுப் போனாள். அந்த வயதில் நாங்களாக இருந்தால் நோயாளிதான் மறந்துவிட்டார் என்று சாதித்திருப்போம். திரும்பி வரும் வழியில் என் எரிச்சல் இரண்டு மடங்காகியிருந்தது. அதற்குப் பிறகு பரிசோதனைக்குப் போனால் நான் உள்ளேயே போவதில்லை. வெளியே பெஞ்சில் உட்கார்ந்து வேப்ப மரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அவருடைய போனில் அவள் எண் இருந்தது. என் போனிலும் போட்டுக்கொள்ளச் சொன்னார். எனக்கு எதுக்கு என்று சொல்லிவிட்டேன்.

போகி அன்று காலை, விடிந்து காபி குடித்து முடித்த நேரம். பக்கத்து வீட்டுக்காரர் மணி பழைய பாய், கிழிந்த தலையணை, ஏதோ பிளாஸ்டிக் சாமான் எல்லாவற்றையும் வாசலில் குவித்துக் கொளுத்தினார். பனி இறங்கியிருந்ததால் புகை மேலே போகாமல் தரையோடு படர்ந்து எங்கள் வீட்டுக்குள் வந்தது. நான் ஓடி ஜன்னலைச் சாத்துவதற்குள் அவர் இருமத் தொடங்கிவிட்டார்.

மெஷினைப் போட்டார். எல்லாம் முறையாகத்தான் செய்தார். நேராக உட்கார்ந்தார், மெதுவாக இழுத்தார். மருந்து தீர்ந்து கப்பு துப்பத் தொடங்கியதும் நிறுத்தினார். இரைப்பு அடங்கவில்லை. கூடியிருந்தது. இரண்டு கையையும் தொடையில் ஊன்றிக்கொண்டு முன்னால் குனிந்தார். ஒவ்வொரு மூச்சுக்கும் கழுத்துச் சதை கயிறு மாதிரி எழும்பி இறங்கிற்று. நெற்றியில் வேர்வை. விரலில் மாட்டி ஆக்ஸிஜன் அளவு பார்க்கும் மீட்டர் அலமாரியில்தான் இருந்தது. எடுக்கத் தோன்றவில்லை. அந்தக் கழுத்தைப் பார்த்த பிறகு எனக்கு எண் தேவைப்படவில்லை.

"என்னாங்க, கெளம்புங்க. ஆஸ்பத்திரிக்குப் போலாம்."

"இரு... இன்னொண்ணு... வெச்சா... சரியாயிரும்."

"இது மெஷினுக்கு அடங்காதுங்க. கெளம்பணும்."

"அந்தப் பொண்ணு... சொல்லி... இருக்குது... இன்னொண்ணு..."

இன்னொரு வேளை போடலாம் என்று டாக்டரும் சொல்லியிருந்தது உண்மைதான். ஆனால் அது கிளம்பிக்கொண்டே போடுவதற்கு, வீட்டிலேயே உட்கார்ந்திருப்பதற்கு அல்ல. நான் மெஷினைப் பிடித்தேன். அவர் அதை மார்போடு அணைத்துக்கொண்டு திரும்பிக்கொண்டார். குழந்தை பொம்மையைப் பிடித்துக்கொள்கிற மாதிரி. "உனக்கு... எப்பவும்..." என்று ஆரம்பித்து முடிக்க முடியாமல் வாயைத் திறந்து காற்றுக்குத் தவித்தார்.

இங்கே நீங்கள் கவனிக்க வேண்டும். நான் பேசினால் அவர் பதில் சொல்வார். பதில் சொல்ல மூச்சு வேண்டும். நான் சொல்வது எவ்வளவு சரியோ அவ்வளவு வேகமாக மறுத்துப் பேசுவார், ஒவ்வொரு மறுப்பும் அவரிடம் மிச்சம் இருந்த காற்றைத் தின்னும். அந்த அறையில் அவருக்கு ஆகாதவை இரண்டு இருந்தன. ஒன்று மணி வீட்டுப் புகை. இன்னொன்று என் குரல். நான் வாயை மூடினேன்.

அவர் போனை எடுத்தேன். தேடினேன். என் எண்ணை "வூடு" என்று போட்டு வைத்திருந்தார். அதற்கு இரண்டு பெயர் கீழே "சங்கவி பொண்ணு". அழுத்தினேன். மறுமுனையில் வாளி சத்தமும் பாட்டுச் சத்தமும் கேட்டன. அன்று அவளுக்கு லீவு.

"சொல்லுங்கப்பா!"

"நான் ராஜம்மா. அவருக்கு இரைப்பு அதிகமா இருக்குது. ஒரு வேளை வெச்சாச்சு, அடங்கல. கழுத்து இழுக்குது. ஆஸ்பத்திரிக்கு வர மாட்டேங்கறாரு." போனை அடுத்த காதுக்கு மாற்றிக்கொண்டேன். "நான் சொன்னா கேக்க மாட்டேங்கறாரு. நீ சொல்லும்மா."

பாட்டுச் சத்தம் உடனே நின்றது. "வேர்க்குதுங்களா மேடம்? ஒதடு எப்படி இருக்குது?"

"வேர்க்குது. ஒதடு இன்னும் நெறம் மாறல."

"ஸ்பீக்கர்ல போடுங்க மேடம்."

போட்டு அவர் முன்னால் பிடித்தேன்.

"அப்பா, நான் சங்கவி. வேற ஒண்ணும் பேச வேணாம். நம்ம ஒகேனக்கல் வண்டிக்கு ஸ்டாப்பு மட்டும் சொல்லுங்க. எப்பவும் சொல்ற மாதிரி, ஒரே மூச்சுல. ரைட்."

அவர் தலையை நிமிர்த்தினார். "தருமபுரி... அதகபாடி..." மூச்சு அறுந்தது. விடவில்லை, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார். "தருமபுரி..." அதற்கு மேல் வரவில்லை. வாய் மட்டும் அசைந்தது.

"அப்பா, இண்டூரே வரலீங்களே. போன தடவ மடம் ஸ்டாப்பும் தாண்டி ஒகேனக்கல் வரைக்கும் வந்தீங்க. இது மெஷினுக்கு அடங்காதுப்பா. கெளம்பணும்."

நான் சொன்ன அதே வார்த்தைகள். என் 'ங்க'வுக்குப் பதில் அவளுக்கு 'ப்பா', அவ்வளவுதான் வித்தியாசம். அவர் மெஷினை மேசையில் வைத்துவிட்டுச் செருப்பைத் தேடினார்.

ஒவ்வொரு பரிசோதனையிலும் அவள் அவரை ஸ்டாப் பெயர்களைச் சொல்லச் சொல்லி, ஒரே மூச்சில் எதுவரை வருகிறார் என்று கவனித்து வைத்திருந்திருக்கிறாள். எனக்குத் தெரியாது. நான் வெளியே வேப்ப மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு கண்டக்டரோடு இத்தனை காலம் குடும்பம் நடத்தியிருக்கிறேன், மூச்சுக்கு அவரிடமே ஒரு அளவுகோல் இருப்பது எனக்குத் தோன்றவில்லை. அந்த அவசரத்திலும், செருப்பை அவர் காலில் மாட்டிவிடும்போதும், அவள்மேல் எனக்குப் பொறாமை வந்தது. வரக்கூடாத நேரம் என்று அதற்கு என்ன தெரியும்?

"மேடம், வண்டி வர்ற வரைக்கும் அடுத்த மருந்து ஓடட்டுங்களா?" என்று போனில் கேட்டாள்.

"ஓடட்டும்" என்றேன். நானும் அதற்குத்தான் குப்பியைக் கையில் எடுத்திருந்தேன்.

மணி விஷயம் தெரிந்ததும் நெருப்பில் ஒரு குடம் தண்ணீரைக் கவிழ்த்துவிட்டுத் தன் காரையே எடுத்துவந்தார். ஆஸ்பத்திரியில் ஆக்ஸிஜன் வைத்து, நரம்பில் ஊசி போட்டு, அவர் முதுகைச் சாய்த்துப் படுக்கச் சில மணி நேரமாயிற்று. நான் கட்டில் பக்கத்தில் ஒன்றும் செய்யாமல் நின்றேன். செய்ய வேண்டியதை மற்றவர்கள் செய்துகொண்டிருந்தார்கள். நின்றுகொண்டிருப்பது எவ்வளவு கஷ்டம் என்று கூட வருகிற சொந்தக்காரர்களிடம் நான் ஒரு நாளும் கேட்டதில்லை.

மதியம் சங்கவி வந்தாள். பண்டிகைக்கு வீட்டுக்கு வெள்ளையடித்துக்கொண்டிருந்தவள் அப்படியே பஸ் ஏறியிருக்கிறாள். முழங்கையில் சுண்ணாம்பு காய்ந்திருந்தது. அவளைப் பார்த்ததும் மாஸ்க்குக்கு மேலே அவர் கண் சிரித்தது. காலையிலிருந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவள் நான். எனக்கு அந்தச் சிரிப்பு கிடைக்கவில்லை.

அவள் அவரிடம் இரண்டு வார்த்தை பேசிவிட்டு வராந்தாவுக்கு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"மேடம், ஒண்ணு கேக்கட்டுங்களா? அவரு மெஷினப் புடிச்சிக்கிட்டு வர மாட்டேன்னப்ப நீங்க எப்படிச் சண்ட போடாம விட்டீங்க? எங்கம்மாகிட்டன்னா நான் கத்திக் கலாட்டா பண்ணியிருப்பேன்."

"உங்கம்மாவுக்கு என்னா?"

"சுகர். தெனமும் ஊசி போடணும். நான் போட்டா வலிக்குதாம். தெனமும் காலையில பக்கத்துத் தெருவுல ரிட்டயர்டு நர்ஸம்மா ஒருத்தங்ககிட்டப் போயிப் போட்டுக்கறாங்க. 'அந்தம்மா கை பூ மாதிரி'ன்னு எங்கிட்டயே வந்து சொல்றாங்க மேடம். எனக்கு அந்த நர்ஸம்மாவக் கண்டாலே ஆவாது. எதிர்ல வந்தாக்கூடப் பேச மாட்டேன்."

நான் அவளைப் பார்த்தேன். பொய் சொல்லவில்லை. மூக்கு நுனி சிவந்திருந்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தேன், முடியவில்லை. வராந்தாவில் நோயாளிகளுக்காகக் காத்திருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவள் முதலில் விழித்தாள், பிறகு புரிந்துகொண்டு அவளும் சிரித்தாள். நாங்கள் இரண்டு பேரும் அன்றுதான் ஒன்றாக உட்கார்ந்து டீ குடித்தோம்.

இதிலிருந்து உங்களுக்குச் சொல்ல ஒன்று உண்டு. உங்கள் சீருடை உங்கள் வீட்டு வாசலோடு நின்றுவிடும். உள்ளே நீங்கள் மகள், மனைவி, அம்மா. அங்கே நீங்கள் சொல்வது எடுபடாவிட்டால் குரலை உயர்த்தாதீர்கள். அந்த நோயாளிக்கு யார் சொன்னால் ஏறுமோ அந்த வாயைத் தேடிப் பிடித்து, சொல்ல வேண்டியதை அதில் போடுங்கள். கசக்கும். எனக்குக் கசந்தது. மூச்சு நிற்கப் போகிறவர் முன்னால் அது யார் வாக்கு என்று பார்க்க நேரம் இல்லை. வார்டிலும் இதே கதைதான். உங்களை விட்டுவிட்டு இன்னொரு சிஸ்டரைத்தான் கூப்பிடுவேன் என்று ஒரு நோயாளி அடம் பிடித்தால், கூப்பிட்டு விடுங்கள். பிறகு தனியாகப் போய்ப் பல்லைக் கடித்துக்கொள்ளலாம்.

பொங்கல் முடிந்து அவரை வீட்டுக்குக் கூட்டி வந்தேன். ஒருநாள் காலை வெயிலில் உட்கார்ந்து மெஷின் டியூபைத் துடைத்துக்கொண்டிருந்தார். குரல் கொஞ்சம் திரும்பியிருந்தது. எனக்குக் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"நான் சொன்னதையேதான அந்தப் பொண்ணும் சொல்லுச்சு. அதே வார்த்த. நான் சொன்னா மட்டும் ஏன் உங்களுக்கு ஏற மாட்டேங்குது?"

அவர் கையிலிருந்த டியூபைக் கீழே வைத்தார்.

"நீ சொல்றப்ப உம் மொகத்தப் பாக்கறேன் ராஜீ. இந்த நோவுல நீ எத்தன பேரப் பாத்திருப்ப. இது எங்க போயி முடியும்னு உனக்குத் தெரியும். நான் இருமுனா அது உம் மொகத்துல வந்துருது. அந்தப் பொண்ணு சின்னது, அதுக்கு இன்னும் தெரியாது. அது சொல்றப்ப, நல்லாயிருவேன்னு இருக்குது."

நான் எழுந்து அடுப்படிக்குப் போனேன். பால் பொங்கவில்லை, எதுவும் கருகவில்லை. சும்மாதான் போனேன்.

அவர் சொன்னது சரி. முதல் நாள் அவர் சட்டை மாட்டி இரைத்தபோதே நான் கடைசிக் கட்டில் வரை பார்த்துவிட்டேன். அதை மறைத்துவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்தேன். வார்டில் மறைக்கத் தெரிந்தது, அங்கே அவர்கள் யாரோ. சங்கவியும் முடிவைப் பார்த்திருப்பாள், அவள் வார்டிலும் கட்டில்கள் காலியாகின்றன. ஆனால் இன்னும் அது அவள் முகத்தில் ஏறவில்லை.

அதனால் உங்களுக்குச் சொல்கிறேன். அனுபவம் இல்லையே என்று நீங்கள் கூசுகிறீர்கள், எனக்குத் தெரியும். சில நோயாளிகள் உங்கள் கையைப் பிடித்துக்கொள்வதே அதனால்தான். நாளைக்குச் சரியாகிவிடும் என்று நீங்கள் சொல்லும்போது அதை நீங்களும் நம்புகிறீர்கள். என்னிடம் அது தீர்ந்துபோய் ரொம்பக் காலமாகிறது. அந்தப் பெண்ணின் சாமர்த்தியத்தின் மேல்தான் பொறாமை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இல்லை, இந்த நம்பிக்கையின் மேல்தான். அந்தப் பொறாமை இன்னும் போகவில்லை. இதை எழுதும்போதும், படிக்கப் போகும் உங்கள் எல்லோர் மேலும் கொஞ்சம் இருக்கிறது.

இப்போதெல்லாம் அவர் மெஷினைப் போடும்போது நான் அந்த அறையில் இருப்பதில்லை. சுவருக்கு இந்தப் பக்கம் காய் நறுக்கிக்கொண்டு சத்தத்தை மட்டும் கேட்பேன். மருந்து ஓடுவது, தீர்வது, கப்பு துப்புவது, நடுவில் அவர் இருமுவது எல்லாம் எனக்குக் காதிலேயே தெரியும். கத்தி நிற்கும், திரும்ப நறுக்கும். அவர் நிறுத்திவிட்டு, "ஆச்சு" என்று குரல் கொடுப்பார். நான் முகத்தைத் துடைத்துக்கொண்டு, வாய் கொப்பளிக்கத் தண்ணீர் எடுத்துப் போவேன்.